சுங்குவார்சத்திரம் சாம்சங் ஆலை: பணம் தர முன்வந்த நிர்வாகம் சங்கத்தை ஏற்க ஏன் இவ்வளவு தயங்கியது?

செங்கைமாறன் (இழையைத் தொடங்கியவர்):

காஞ்சிபுரம் மாவட்டம் சுங்குவார்சத்திரத்தில் 2007 முதல் இயங்கும் சாம்சங் ஆலையில் குளிர்பதனப் பெட்டி, சலவை இயந்திரம், தொலைக்காட்சிப் பெட்டி ஆகியவை தயாராகின்றன. அங்குள்ள சுமார் 1,800 தொழிலாளர்களில் பெரும்பாலோர் 2024 செப்டம்பர் 9 அன்று தொடங்கிய வேலைநிறுத்தம் 37 நாள் நீடித்தது. அந்த நாட்களில் நடந்த விவாதம் முதலீடு வெளியேறிவிடுமா, இப்போது கிடைக்கும் சம்பளம் போதாதா என்னும் இரண்டு கேள்விகளைத் தாண்டவே இல்லை. நான் கேட்க விரும்புவது வேறு.

அக்டோபர் 7 அன்று, அமைச்சர்கள் முன்னிலையில் நடந்த பேச்சுக்குப் பிறகு, நிறுவனம் சில சலுகைகளை அறிவித்தது. மாதம் 5,000 ரூபாய் சிறப்பு ஊக்கத்தொகை, 5 தடங்களில் மட்டும் ஓடிய குளிர்சாதனப் பேருந்தை 108 தடங்களுக்கும் விரிவாக்குவது, பணிக்காலத்தில் இறக்கும் தொழிலாளியின் குடும்பத்துக்கு உடனடியாக 1 லட்சம் ரூபாய் ஆகியவை அவற்றுள் அடங்கும். இவை சிறிய செலவுகள் அல்ல. ஆனால் இவற்றை நிறுவனம் ஒப்புக்கொண்டது ஒரு தொழிலாளர் கமிட்டியிடம்தான். வேலைநிறுத்தத்தை நடத்திக்கொண்டிருந்த, மார்க்சிஸ்ட் கட்சி சார்பு மையத் தொழிற்சங்கமான சிஐடியு சார்ந்த சாம்சங் இந்தியா தொழிலாளர் சங்கத்திடம் அல்ல. அந்தச் சங்கம் உடன்பாட்டை ஏற்காததால் போராட்டம் தொடர்ந்தது. அதன்பின் போலீசார் போராட்டப் பந்தலை அகற்றினார்கள். பலரைக் கைது செய்தார்கள்.

பணப்பையைத் திறக்கத் தயாராக இருந்த நிர்வாகம் எதிரே போடப்பட்ட நாற்காலியில் யார் உட்காருவது என்பதில் மட்டும் ஏன் இவ்வளவு பிடிவாதமாக இருந்தது? அந்த 5,000 ரூபாய் 2025 மார்ச் வரைக்கும்தான் அறிவிக்கப்பட்டது. நிர்வாகம் தானாகக் கொடுக்கும் தொகைக்கு முடிவு நாளையும் நிர்வாகமே குறிக்க முடியும். சங்கத்தோடு கையெழுத்திட்டால் அந்த அதிகாரம் பாதியாகிவிடும். நிறுவனம் விட்டுக்கொடுக்க மறுத்தது அதைத்தான் என்று நான் நினைக்கிறேன். மாற்றுக் கருத்துடையவர்கள் காரணங்களோடு எழுத வேண்டுகிறேன்.

ஒரகடம்_எச்ஆர்:

நான் இதே தொழில் வட்டாரத்தில் வேறொரு நிறுவனத்தின் மனிதவளத் துறையில் இருக்கிறேன். சாம்சங் நிர்வாகத்துக்காகப் பேச எனக்கு எந்தக் கடமையும் இல்லை; எனினும் மறுபக்கத்தை யாராவது சொல்லியாக வேண்டும்.

தன் சொந்த ஊழியர்களுடன் பேச மாட்டேன் என்று நிறுவனம் ஒருபோதும் சொல்லவில்லை. ஆலைக்குள் ஒரு நாளும் வேலை செய்யாத ஒருவர் சங்கத்தின் தலைவராக இருக்க, தேசியக் கட்சி ஒன்றோடு இணைந்த மையச் சங்கம் அதன் பின்னால் இருந்தது என்பதே அதன் தயக்கத்துக்குக் காரணம். அப்படிப்பட்ட சங்கம் இந்த ஆலையின் நலனை மட்டும் பார்க்குமா, மற்ற ஆலைகளில் தனக்கு நடக்கும் போட்டியையும் பார்க்குமா என்று நிர்வாகம் சந்தேகப்படுவது இயல்பு. பண்டிகைக் கால விற்பனைக்கு உற்பத்தி உச்சத்தில் இருக்க வேண்டிய செப்டம்பரில் வேலை நின்றது தற்செயல் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். மேலும், அந்தப் பகுதியில் இதே வகைத் தொழிலாளர்கள் பெறும் சராசரியைவிட 1.8 மடங்கு சம்பளம் தருவதாக நிறுவனம் அப்போது சொன்னது. அதிகம் கொடுக்கும் ஆலையில்தான் முதலில் வேலைநிறுத்தம் வருகிறது என்றால் மற்ற முதலாளிகள் அதிலிருந்து என்ன பாடம் படிப்பார்கள்?

அடுத்தது, சங்கத்தின் பெயரில் ‘சாம்சங்’ என்ற சொல் இருப்பதற்கு நிறுவனம் தெரிவித்த ஆட்சேபம். உலகெங்கும் பதிவான வணிகக் குறியைத் தன் அனுமதியில்லாமல் ஓர் அமைப்பு பெயராகச் சூட்டிக்கொள்ளும்போது நிறுவனம் எதிர்ப்புத் தெரிவிப்பது, தன் சொத்தைக் காக்கும் சாதாரண நடவடிக்கை. அதைத் தொழிலாளர் விரோதம் என்று படிப்பது நியாயமல்ல.

வழக்காடுமன்றம்:

பெயர் பற்றிய வாதத்திலிருந்து தொடங்குகிறேன். 1926ஆம் ஆண்டின் தொழிற்சங்கச் சட்டத்தில் 7ஆம் பிரிவு, பதிவுக்கு வரும் சங்கத்தின் பெயர் ஏற்கெனவே பதிவான இன்னொரு தொழிற்சங்கத்தின் பெயரோடு ஒத்திருந்தால் மாற்றச் சொல்லும் அதிகாரத்தைப் பதிவாளருக்குத் தந்தது. முதலாளியின் நிறுவனப் பெயரோடு ஒத்திருந்தால் மறுக்கலாம் என்று அங்கே எதுவும் இருக்கவில்லை. சங்கம் அந்தப் பெயரில் எந்தப் பொருளையும் விற்கப் போவதில்லை. எந்த ஆலையின் தொழிலாளர்கள் என்பதைச் சொல்வதற்கு அந்த ஆலையின் பெயரைத்தான் சொல்ல முடியும். நிறுவனப் பெயரைத் தாங்கிய சங்கங்கள் சென்னையைச் சுற்றி எத்தனையோ பதிவாகி இயங்கி வருகின்றன.

ஆனாலும் இந்த ஆட்சேபம் பல மாதங்களைத் தின்றது. 2024 நடுவில் சங்கத்தைப் பதிவு செய்யக் கோரிக் கொடுத்த விண்ணப்பத்துக்கு முடிவு கிடைக்காமல் சங்கம் சென்னை உயர்நீதிமன்றத்துக்குப் போனது. ஆறு வாரங்களுக்குள் முடிவெடுக்குமாறு டிசம்பரில் நீதிமன்றம் உத்தரவிட்ட பிறகுதான், 2025 ஜனவரி 27 அன்று பதிவுச் சான்று வந்தது. சங்கம் அமைக்க அரசமைப்பின் 19(1)(சி) பிரிவு தரும் உரிமை ஒரு பதிவாளர் அலுவலகத்தில் இத்தனை மாதம் முடங்கிக் கிடந்தது என்பது, நிறுவனத்தோடு மாநில அரசும் பதில் சொல்ல வேண்டிய விஷயம்.

வெளியாள் பற்றி: அமைப்புசார்ந்த துறையின் சங்கத்தில் நிர்வாகிகளில் மூன்றில் ஒரு பங்கு அல்லது ஐந்து பேர், இதில் எது குறைவோ அதுவரை வெளியிலிருந்து வரலாம் என்று 2001இல் திருத்தப்பட்ட 22ஆம் பிரிவு அனுமதித்தது. இது கவனக்குறைவால் நுழைந்த ஓட்டை அல்ல. நிர்வாகத்தின் சம்பளப் பட்டியலில் பெயருள்ள ஒருவர் நிர்வாகத்தை எதிர்த்துப் பேசும்போது என்ன ஆபத்துக்கு உள்ளாகிறார் என்பதை அறிந்துதான் சட்டம் இப்படி எழுதப்பட்டது.

இங்கே பலரும் குழப்பிக்கொள்ளும் இடம் ஒன்று உண்டு. பதிவு வேறு, அங்கீகாரம் வேறு. பதிவுச் சான்று வாங்கிய சங்கத்தோடு முதலாளி பேசியே ஆக வேண்டும் என்று 1926ஆம் ஆண்டுச் சட்டம் சொல்லவில்லை. மகாராஷ்டிரத்தில் 1971ஆம் ஆண்டுச் சட்டம் அங்கீகாரத்துக்கு ஒரு நடைமுறையை வகுத்தது. தமிழ்நாட்டில் அப்போது அத்தகைய சட்டம் இருக்கவில்லை. ஆகவே இங்கே பதிவுக்கு ஒரு போராட்டம், அங்கீகாரத்துக்கு இன்னொரு போராட்டம், கோரிக்கைக்கு மூன்றாவது போராட்டம் என்று தொழிலாளர்கள் மூன்று முறை வாசலில் உட்கார வேண்டியிருந்தது. சாம்சங்கில் நடந்தது அதுதான்.

லைன்_தொழிலாளி:

கமிட்டி என்பது உள்ளே எப்படி நடக்கிறது என்று தெரிந்தவன் என்ற முறையில் எழுதுகிறேன். நான் வேலை பார்ப்பது சாம்சங்கில் அல்ல. எங்கள் ஆலையிலும் தொழிலாளர் கமிட்டி ஒன்று உண்டு. அதில் யார் இருப்பது என்பதை லைன் மேற்பார்வையாளரும் மனிதவளத் துறையும் கலந்து பேசி முடிவு செய்வார்கள். கேண்டீன் சாப்பாடு, பேருந்து நேரம், சீருடைத் துணி ஆகியவற்றைப் பற்றிக் கூட்டத்தில் தாராளமாகப் பேசலாம். பேசியவை நடக்கவும் செய்யும். ஒரு ஷிப்டில் எத்தனை பொருள் முடிக்க வேண்டும், பயிற்சியாளர்களை எப்போது நிரந்தரமாக்குவது, ஆண்டு ஊதிய உயர்வுக்குத் தரம் போடும் முறை என்ன என்று கேட்டால் அது கமிட்டியின் வேலை இல்லை என்று பதில் வரும்.

இந்த அனுபவத்தால்தான் சுங்குவார்சத்திரம் தொழிலாளர்கள் 5,000 ரூபாயை வேண்டாம் என்று சொன்னதாகச் செய்தி வந்தபோது எங்கள் ஆலையில் யாரும் வியப்படையவில்லை. வேலை நின்ற நாட்களுக்குச் சம்பளம் இல்லை என்று நிர்வாகம் கடிதம் அனுப்பியிருந்தது. செப்டம்பர் 16 அன்று காஞ்சிபுரத்தில் ஊர்வலம் போகத் திரண்டவர்களில் நூற்றுக்கும் மேற்பட்டோரைப் போலீசார் பிடித்து வைத்தனர். வீட்டுக் கடன், பிள்ளைகளின் பள்ளிக் கட்டணம் எல்லாம் உள்ள மனிதர்கள் ஒரு மாதச் சம்பளத்தை இழந்துகொண்டே அந்தத் தொகையை மறுத்தார்கள். அதை யாரோ வெளியிலிருந்து தூண்டிவிட்டதால் நடந்தது என்று சொல்வது, யோசித்து முடிவெடுக்கும் திறன் அவர்களுக்கு இல்லை என்று சொல்வதாகும். ஒரகடம் நண்பர் அப்படி நினைக்கவில்லை என்று நம்புகிறேன்.

வழக்காடுமன்றம்:

லைன்_தொழிலாளி சொன்னதற்குச் சட்டத்திலும் ஆதாரம் இருக்கிறது. 1947ஆம் ஆண்டின் தொழில் தகராறுகள் சட்டம், 100 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் பணிக்குழு அமைக்க வழி செய்தது. ஆனால் கூட்டுப் பேரத்தில் அந்தக் குழு சங்கத்தின் இடத்தைப் பிடித்துக்கொள்ள முடியாது என்று நார்த்புரூக் சணல் ஆலை வழக்கில் 1960இலேயே உச்ச நீதிமன்றம் தெளிவாக்கிவிட்டது. அதே சட்டத்தின் 5ஆம் அட்டவணை, முதலாளி தானே ஒரு சங்கத்தை உருவாக்கி ஆதரிப்பதை முறையற்ற தொழில் நடவடிக்கை என்று வகைப்படுத்தியது.

சுவோன்_வாசி:

தென்கொரியாவில் சாம்சங் தலைமையகம் இருக்கும் சுவோன் நகரில் சில ஆண்டுகளாக வசிக்கிறேன். இந்த விவாதத்தில் கொரியப் பின்னணி வராமல் போனால் படம் முழுமையடையாது.

சங்கமற்ற நிர்வாகம் என்பது இந்தக் குழுமத்தில் பல பத்தாண்டுகள் கொள்கையாகவே இருந்தது. தன் கண்ணில் மண் விழும்வரை, அதாவது சாகும்வரை, சங்கத்தை அனுமதிக்க மாட்டேன் என்று நிறுவனர் லீ பியுங் சுல் சொன்னதாக இங்கே இன்றும் நினைவுகூர்கிறார்கள். ஒரே நிறுவனத்தில் ஒன்றுக்கு மேற்பட்ட சங்கங்கள் இருக்கலாம் என்று 2011 ஜூலையில் கொரியச் சட்டம் வழிவிட்டபோது, குழுமத்தின் பொழுதுபோக்குப் பூங்கா நிறுவனமான எவர்லாந்தில் உண்மையான சங்கம் உருவாவதற்கு முன்பே நிர்வாகத்துக்கு இணக்கமான ஒரு சங்கம் முளைத்துவிட்டது. சங்கம் உருவாவதை எப்படி முறியடிப்பது என்று விளக்கும் 2012ஆம் ஆண்டின் உள் ஆவணம் ஒன்றை 2013இல் நாடாளுமன்ற உறுப்பினர் ஒருவர் வெளியிட்டார்.

பழுதுபார்க்கும் சேவை நிறுவனத்தின் ஊழியர்கள் அமைத்த சங்கத்தைக் குலைக்க முயன்ற வழக்கில், 2019 டிசம்பரில், சாம்சங் எலெக்ட்ரானிக்ஸ் இயக்குநர் குழுவின் தலைவர் லீ சாங் ஹூனுக்கே ஒன்றரை ஆண்டுச் சிறைத் தண்டனை விதிக்கப்பட்டது. அவரைப் பொறுத்தவரை, ஆதாரம் திரட்டிய முறை சட்டத்துக்கு உட்பட்டதல்ல என்று மேல்முறையீட்டில் அந்தத் தண்டனை நீக்கப்பட்டது என்பதையும் நேர்மையாகச் சொல்லியாக வேண்டும். ஆனால் அதே வழக்கில் வேறு சிலரின் தண்டனை நிலைத்தது. 2020 மே மாதம் குழுமத் தலைமையிலிருந்த லீ ஜே யோங் தொலைக்காட்சி முன் தலைகுனிந்து மன்னிப்புக் கேட்டு, சங்கமற்ற நிர்வாகம் என்ற பேச்சு இனி எழாது என்று வாக்களித்தார். 2021 ஆகஸ்டில் சாம்சங் எலெக்ட்ரானிக்ஸ் தன் சங்கங்களோடு முதல் கூட்டு ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டது. அந்த நிறுவனம் 1969இல் தொடங்கியது. 2024 ஜூலையில் கொரியாவிலும் வேலைநிறுத்தம் நடந்தது. அதற்கடுத்த இரண்டு மாதங்களில்தான் சுங்குவார்சத்திரம்.

ஆக, சியோலில் ஊடகங்கள் முன் கைவிடப்பட்ட கொள்கை, நான்கு ஆண்டுகள் கழித்தும் காஞ்சிபுரம் மாவட்டத்துக்கு வந்து சேரவில்லை. தாய்நாட்டில் நீதிமன்றத்தின் அழுத்தம் இல்லாமல் அந்த மன்னிப்பு வந்திருக்காது என்பது என் கருத்து. இந்தியாவில் அப்படிப்பட்ட அழுத்தம் எதுவும் இல்லை.

ஒரகடம்_எச்ஆர்:

கொரியாவில் நடந்ததை வைத்து இங்குள்ள மேலாளர்களின் நோக்கத்தை முடிவு செய்யக் கூடாது என்று தாழ்மையுடன் சொல்கிறேன். இங்கே எழுதியவர்கள் தாண்டிப்போன ஒரு நிகழ்ச்சியையும் நினைவூட்டுகிறேன். 2024 அக்டோபர் 15 அன்று முடிவான சமரசத்தில், திரும்பி வருபவர்களைப் பழிவாங்க மாட்டோம் என்று நிர்வாகமும், நிர்வாகத்தின் நலனுக்குப் பாதகமான செயல்களில் ஈடுபட மாட்டோம் என்று தொழிலாளர்களும் உறுதி தந்தார்கள். அதற்குப் பிறகு நான்கே மாதங்களில், 2025 பிப்ரவரியில், மூன்று சங்க நிர்வாகிகளின் பணியிடை நீக்கத்தைக் காரணம் காட்டி உள்ளிருப்புப் போராட்டம் தொடங்கப்பட்டது. ஒழுங்கு நடவடிக்கை சரியா தவறா என்பதை விசாரணையில் தீர்த்துக்கொள்ளலாமே, அதற்கு உற்பத்திக் கூடத்தில் உட்காருவது எப்படிச் சரியாகும்? இது நடக்கும் இடத்தில் நான் மேலாளராக இருந்தால் அடுத்த விரிவாக்கத்தை இங்கே செய்யப் பரிந்துரைக்க எனக்குத் தைரியம் வராது. நோக்கியா ஆலை நினைவிருக்கிறது அல்லவா?

செங்கைமாறன்:

நோக்கியாவைச் சங்கத்தின் கணக்கில் எழுத வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். அந்த ஆலை 2014 நவம்பரில் மூடப்பட்டதற்கு முன் அதன் மீது பெரிய வரி வழக்கு இருந்தது. அதனால் நோக்கியாவின் கைப்பேசிப் பிரிவை மைக்ரோசாஃப்ட் வாங்கியபோது ஸ்ரீபெரும்புதூர் ஆலை அந்த விற்பனைக்குள் சேர முடியவில்லை. பின்னர் உற்பத்தி ஆணையும் நின்றது. ஆயிரக்கணக்கான இளைஞர்களின், அதிலும் பெண்களின், வேலை போனதற்குக் காரணம் அதுதான். ஆலை மூடும் நேரத்தில் அவர்களுக்காகப் பேச ஒரு சங்கமாவது இருந்தது.

பிப்ரவரி நிகழ்ச்சிக்கு வருகிறேன். பதிவுச் சான்று வந்தது ஜனவரி 27. மூன்று நிர்வாகிகள் பணியிடை நீக்கம் செய்யப்பட்டது பிப்ரவரி முதல் வாரம். இரண்டுக்கும் நடுவில் இரண்டு வாரம்கூட இல்லை. பின்னர் அந்த எண்ணிக்கை இருபதைத் தாண்டியது. ஒவ்வொருவர் மீதும் சொல்லப்பட்ட குற்றச்சாட்டின் உண்மையை இங்கிருந்து நான் தீர்ப்பளிக்க முடியாது. ஆனால் புதிதாகப் பதிவான ஒரு சங்கத்தின் நிர்வாகிகள் மீதே அந்தத் தருணத்தில் நடவடிக்கை வந்தால், அக்டோபரில் தந்த பழிவாங்க மாட்டோம் என்ற சொல்லைத் தொழிலாளர்கள் எப்படி நம்புவார்கள்? விசாரணையில் தீர்த்துக்கொள்ளலாம் என்கிறீர்கள். விசாரணை அதிகாரியை நியமிப்பதும் அதே நிர்வாகம்தான்.

உங்கள் அச்சத்துக்கான பதிலை நிறுவனமே 2025 மே மாதம் எழுதிவிட்டது என்பதுதான் என் முதன்மையான வாதம். மே 19 அன்று தொழிலாளர் நலத்துறை அமைச்சர் சி.வெ. கணேசன் முன்னிலையில் நிர்வாகமும் சங்கமும் ஊதிய ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டன. மூன்று ஆண்டுகளில் மாதச் சம்பளம் 18,000 ரூபாய் வரை உயரும். முதல் ஆண்டில் 9,000, அடுத்த இரண்டு ஆண்டுகளிலும் 4,500 வீதம். எந்தச் சங்கத்தோடு உட்கார்ந்தால் ஆலை நடத்த முடியாது என்று சொல்லப்பட்டதோ அதே சங்கத்தோடுதான் அந்தக் கையெழுத்து. 2024 ஜூலையில் சமரச அதிகாரி முன் செய்திருக்கக் கூடிய வேலை இது. நடுவில் போன 37 நாள் உற்பத்தியும், தொழிலாளர்கள் இழந்த சம்பளமும், அரசுக்கு ஏற்பட்ட தலைகுனிவும் அங்கீகாரத்தைத் தள்ளிப்போட்டதற்கான விலை. அந்த விலையில் பெரும்பகுதியை மாதச் சம்பளக்காரர்கள் செலுத்தினார்கள் என்பதுதான் எனக்கு ஆறவில்லை.

பெரம்பூர்_பழையவர்:

வெளியாள் என்ற சொல் சென்னைக்குப் புதிதல்ல என்பதால் ஒரு செய்தியைச் சேர்க்கிறேன். 1918 ஏப்ரல் 27 அன்று பெரம்பூர் பின்னி ஆலைத் தொழிலாளர்களுக்காகச் சென்னைத் தொழிலாளர் சங்கம் தொடங்கியபோது அதன் தலைவர் பி.பி. வாடியா. அவர் நூல் நூற்றவரும் அல்லர், நெய்தவரும் அல்லர். உடன் நின்ற திரு.வி.க.வும் ஆசிரியராகவும் பத்திரிகையாளராகவும் இருந்தவர். நிர்வாகம் வாடியா மீது உயர்நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்துத் தடையாணை பெற்றது. கடைசியில் அவர் சங்கத்தை விட்டு விலக நேர்ந்தது. தொழிலாளர்களுக்காகப் பேசுவதே வழக்குக்கு உரிய குற்றமாகிவிடுகிறதே என்ற கவலை நாடெங்கும் எழுந்தது. பிறகு வந்த 1926ஆம் ஆண்டுச் சட்டத்துக்கு அந்த வழக்கும் ஒரு காரணம். வழக்காடுமன்றம் மேலே சொன்ன 22ஆம் பிரிவைப் படிக்கும்போது எனக்குப் பெரம்பூர்தான் ஞாபகத்துக்கு வருகிறது. சாம்சங் நிறுவனமும் ஆலையைச் சுற்றி முழக்கமிடத் தடை கேட்டு நீதிமன்றத்துக்குப் போனது என்று படித்தபோது மனம் கனத்தது.

வழக்காடுமன்றம்:

இனிமேல் நடக்கப்போவதைப் பற்றியும் பேச வேண்டும். 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த தொழில் உறவுகள் தொகுப்புச் சட்டத்தில், மொத்தத் தொழிலாளர்களில் 51 விழுக்காட்டினரின் ஆதரவு உள்ள சங்கமே பேச்சுவார்த்தைச் சங்கம் என்று ஏற்கப்படும். அப்படி எந்தச் சங்கமும் இல்லையென்றால், 20 விழுக்காட்டுக்குக் குறையாத ஆதரவுள்ள சங்கங்களைக் கொண்டு பேச்சுவார்த்தைக் குழு அமையும். யாரோடு பேசுவது என்பதை முதலாளியின் விருப்பத்துக்கு விடாமல் ஒரு விதி வந்திருப்பதை நான் வரவேற்கிறேன்.

ஆனால் அதே சட்டம் எல்லாத் தொழிலகங்களிலும் வேலைநிறுத்தத்துக்கு 14 நாள் முன்னறிவிப்பைக் கட்டாயமாக்குகிறது. சமரசப் பேச்சு நடக்கும் காலத்தில் வேலைநிறுத்தம் கூடாது. பாதிப்பேர் ஒரே நாளில் தற்செயல் விடுப்பு எடுத்தால் அதுவும் வேலைநிறுத்தம். முன்னறிவிப்புக் கொடுத்தவுடன் சமரசம் தொடங்கிவிட்டால், சட்டத்துக்கு உட்பட்ட வேலைநிறுத்தம் என்பது நடைமுறையில் மிகவும் அரிதாகிவிடும். உட்காரும் நாற்காலியைக் கொடுத்துவிட்டு எழுந்து வெளியேறும் வாசலை அடைத்தால் பேரத்தின் வலு குறையத்தான் செய்யும். 51 விழுக்காட்டை எப்படிச் சரிபார்ப்பது என்பதும் முக்கியம். ரகசிய வாக்கெடுப்பா, சந்தாப் பட்டியலா? சந்தாப் பட்டியல் என்றால் யார் யார் சங்கத்தில் இருக்கிறார்கள் என்பது நிர்வாகத்தின் மேசைக்குப் போய்விடும். சங்கம் முளைவிடும் நிலையில் உள்ள ஆலைகளில் அது எத்தனை பேரைப் பின்வாங்க வைக்கும் என்று லைன்_தொழிலாளி சொல்ல முடியும்.

ஒரகடம்_எச்ஆர்:

ரகசிய வாக்கெடுப்பு என்றால் என் போன்றவர்களுக்கும் ஆட்சேபம் இல்லை. பெரும்பான்மை எது என்று ஐயமின்றித் தெரிந்தால் நிர்வாகத்தில் சங்கத்தோடு பேச விரும்புபவர்களின் கையும் வலுப்படும். கட்சி சார்ந்த மையச் சங்கங்களைப் பற்றிய என் கருத்தில் மாற்றம் இல்லை.

லைன்_தொழிலாளி:

பட்டியல் நிர்வாகத்துக்குப் போகும் என்று தெரிந்தால் எங்கள் ஆலையில் முதலில் பின்வாங்குபவர்கள் புதிதாகச் சேர்ந்த பையன்களாகத்தான் இருப்பார்கள். நிரந்தரமாகும் நாளுக்காகக் காத்திருப்பவனுக்குப் பெயர் வெளியே தெரிவது பெரிய ஆபத்து.

இன்னொன்றையும் இந்த இழையில் யாரும் எழுதவில்லை. மே மாத ஒப்பந்தம் நிரந்தரத் தொழிலாளர்களுக்கானது. இந்த வட்டாரத்தில் பல ஆலைகளில் அதே லைனில், அதே வேலையை, பக்கத்தில் நின்று செய்யும் ஒப்பந்தத் தொழிலாளியின் சம்பளத்தைத் தீர்மானிப்பது ஒப்பந்ததாரர். அவர்களில் பலர் ஒடிசா, பீகார், அசாம் ஆகிய மாநிலங்களிலிருந்து வந்தவர்கள், விடுதியில் தங்குகிறார்கள், நம் மொழியில் எழுதிய சங்கத் துண்டறிக்கையைப் படிக்க அவர்களுக்கு வழியில்லை. பேச்சுவார்த்தைச் சங்கத்துக்கான 51 விழுக்காட்டைக் கணக்கிடும்போது இவர்கள் எண்ணிக்கையில் வருவார்களா, மாட்டார்களா? வழக்காடுமன்றம் இதைப் பற்றித் தனியாக ஓர் இழை தொடங்கினால் எங்கள் ஆலையிலிருந்து நான்கைந்து பேராவது வந்து எழுதுவோம்.